கேம்பர் வேனுக்கு ஏஜிஎம் பேட்டரியா, லித்தியம் பேட்டரியா? குளிர்நாட்டில் முதன்முறை வாங்குபவருக்கு

கேம்பர் வேனில் இரண்டு வகை வேலைக்கு பேட்டரி தேவைப்படுகிறது. எஞ்சினை முடுக்கும் பேட்டரி ஒன்று. வண்டி நின்ற பிறகு குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப் ஆகியவற்றை இயக்கும் வீட்டு பேட்டரி மற்றொன்று. புதிதாக வேன் கட்டுபவர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டாவதை வாங்கும்போதுதான். கனடாவில், டொராண்டோ நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில், ஆண்டில் ஐந்து மாதம் வேனை வீட்டு வாசலில் பனிக்கு அடியில் நிறுத்திவைத்து, மீதி மாதங்களில் அல்கோன்குவின் பூங்காவுக்கும் ஹியூரான் ஏரிக்கரைக்கும் ஓட்டிச் செல்பவன் நான். ஆகவே இங்குள்ள குளிரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் விலையையும் ஆயுளையும் காட்டி ஒப்பிடுவார்கள். அதற்கு முன்னால் அறிய வேண்டியது வேறொன்று. இந்த இரண்டு பேட்டரிகளுக்கும் ஆளுக்கொரு சாவு இருக்கிறது. ஏஜிஎம் பேட்டரி முழுதாக நிரம்பாமல் கிடந்து கிடந்து சாகும். லித்தியம் பேட்டரி உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் சாகும். இவற்றுள் எதை உங்கள் வேனில், உங்கள் பழக்கத்தில் தடுக்க முடியும் என்று கண்டுகொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

இரண்டும் என்ன?

ஏஜிஎம் என்பது ஈய-அமில பேட்டரிதான். அமிலம் திரவமாகத் தளும்பாமல், தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, சாய்ந்தாலும் கொட்டாது. கேம்பரில் பயன்படும் லித்தியம் என்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. கைபேசியில் இருக்கும் லித்தியத்தை விட இது எளிதில் தீப்பிடிக்காத வேதியியல் கொண்டது. 3.2 வோல்ட் கலங்கள் (செல்கள்) நான்கு வரிசையாகச் சேர்ந்து 12.8 வோல்ட் ஆகின்றன. உள்ளே பிஎம்எஸ் எனப்படும் காவல் மின்சுற்று ஒன்று அமர்ந்து, மின்னழுத்தமோ மின்னோட்டமோ வெப்பமோ எல்லை மீறினால் பேட்டரியைத் துண்டித்துவிடும். நூறு ஆம்பியர்-மணி ஏஜிஎம் ஏறக்குறைய 30 கிலோ எடையிருக்கும்; அதே அளவு லித்தியம் 11 முதல் 13 கிலோதான்.

முதற்படி: ஒரு நாள் செலவை எழுதிப் பாருங்கள்

பேட்டரிப் படங்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒரு நாளில் எந்தக் கருவி எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதுங்கள். கருவியின் வாட் அளவை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்; அதை மணிக்கணக்கால் பெருக்கினால் ஆம்பியர்-மணி. என் வேனின் கோடைக்காலக் கணக்கு இது: கம்ப்ரஸர் குளிர்பெட்டி 35 முதல் 40, மேற்கூரை விசிறி 10, எல்இடி விளக்குகள் 4, மடிக்கணினியும் கைபேசிகளும் 8, பம்ப் 1. சுமார் 60 ஆம்பியர்-மணி ஆகிறது. அக்டோபரில் டீசல் ஹீட்டரும் இரவு முழுக்க ஓடும்போது அது 75-ஐத் தொடும். உங்கள் கணக்கு இதிலிருந்து மாறும், ஆனால் குளிர்பெட்டிதான் பெரும்பங்கை எடுக்கும் என்பது அநேகமாக மாறாது.

நம் சமையலுக்கென்று தனியாக ஒரு வரி ஒதுக்க வேண்டும். இன்வெர்ட்டர் வழியாக 500 வாட் ரைஸ் குக்கரை ஓட்டினால், இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 45 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரிசி வேக 25 நிமிடம் என்றால் ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி அந்த ஒரு பானைச் சோற்றுக்கே போய்விடுகிறது. அளவைவிட முக்கியமானது இழுக்கும் வேகம். ஏஜிஎம் பேட்டரியின் 100 ஆம்பியர்-மணி என்ற எண், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 45 ஆம்பியர் வீதம் எடுத்தால் அந்த எண் கணிசமாகச் சுருங்கும், மின்னழுத்தமும் சரியும். பாதி காலியான ஏஜிஎம்மில் குக்கரைப் போட்டால் சோறு கொதிக்கும் முன்பே இன்வெர்ட்டர் குறைந்த மின்னழுத்தம் என்று கத்தத் தொடங்குவது இதனால்தான். லித்தியத்தில் இந்தச் சரிவு மிகக் குறைவு. எரிவாயு அடுப்பில் சமைப்பவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை.

இரண்டாம் படி: பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பயன்படும் எண்ணாக மாற்றுங்கள்

ஏஜிஎம்மைப் பாதிக்கு மேல் காலி செய்யாதிருப்பது நல்லது; செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே 100 என்று அச்சிட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 50. லித்தியத்தில் 80 முதல் 90 வரை தயக்கமின்றி எடுக்கலாம்.

நாளுக்கு 70 ஆம்பியர்-மணி செலவு, வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 140. ஏஜிஎம் என்றால் 280 வேண்டும். அதாவது மூன்று பேட்டரி, 90 கிலோ, இருக்கைக்கு அடியில் முழுப் பெட்டியும் போய்விடும். லித்தியம் என்றால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, 26 கிலோவுக்குள். சிறிய வேனில் தண்ணீர்த் தொட்டி, படுக்கை, நான்கு பேர் என்று ஏற்றிய பின் வண்டியின் அனுமதி எடை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த அனுமதி எடை அச்சிடப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி: எங்கிருந்து நிரப்புவீர்கள்?

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வாங்கியதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். முதல் வேனில் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் இரண்டும், கூரையில் 200 வாட் சோலார் பேனலும் வைத்திருந்தேன். கோடையில் நன்றாகவே ஓடியது. ஆனால் முகாமிட்டது பெரும்பாலும் மர நிழலில். ஓட்டியதோ ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்கு ஒரு மணி, ஒன்றரை மணி. ஒவ்வொரு காலையிலும் மீட்டரில் 12.4, 12.3 வோல்ட் என்று நின்றது, மாலையில் 12.6 வரை ஏறியது. அது போதும் என்று நினைத்தேன். இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் ஓர் இரவு, பல் துலக்கக் குழாயைத் திறந்ததும் பம்ப் ஓடிய அந்தக் கணத்தில் குளிர்பெட்டி அணைந்தது. மீட்டர் 12.1-லிருந்து 11.2-க்கு விழுந்து, பம்ப் நின்றதும் மீண்டும் மேலேறியது. வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத பேட்டரிகள். ஸ்கார்பரோவில் வாகன மின்வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சோதித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, பற்றரியில பிழையில்லை. ஒருநாளாவது அதுக்கு வயிறு நிறையக் குடுத்தனீங்களோ?”

கொடுக்கவில்லை. ஈய பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. முழுதாக நிரப்பினால் அது மீண்டும் கரைந்துபோகும். நிரப்பாமல் நாட்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகி, தகட்டின் அந்தப் பகுதியை நிரந்தரமாக மூடிவிடும். ஏஜிஎம் 80 விழுக்காடு வரை வேகமாக நிரம்பும். அதன்பின் மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து, கடைசி 20 விழுக்காட்டுக்கு மட்டும் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றரை மணி ஓட்டத்தில் அது நடக்கவே நடக்காது. இங்கே லித்தியம் முற்றிலும் வேறு: ஏறத்தாழ இறுதிவரை ஒரே வேகத்தில் நிரம்பும், பாதியில் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் நீண்ட நாள் நிறுத்திவைக்கும்போது பாதியளவில் இருப்பதுதான் அதற்கு உகந்தது.

ஆகவே உங்களை நீங்களே இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்இணைப்புள்ள முகாம் இடங்களில் தங்கி, இரவு முழுக்க கம்பி செருகி வைப்பவரா? பயணம் முடிந்ததும் வீட்டு வாசலில் செருகிவைக்க வசதி உண்டா? ஆம் என்றால் ஏஜிஎம் உங்களுக்கு நேர்மையாக உழைக்கும். மின்இணைப்பே இல்லாத இடங்களில் மூன்று, நான்கு நாள் தங்கி, சிறு தூரம் ஓட்டி, கிடைத்த வெயிலில் கிடைத்ததை ஏற்றிக்கொள்பவர் என்றால், ஏஜிஎம்மை வாங்கி அதைப் பட்டினி போடாதீர்கள்.

நான்காம் படி: பேட்டரி எங்கே உறங்கும்?

மூன்றாம் படியோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் லித்தியம் வாங்க வேண்டியதுதான். கனடாவில் அப்படி நிறுத்த முடியாது.

லித்தியம் கலத்தின் உள்ளே சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைந்து இடம்பிடிக்க வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அந்த நுழைவு மந்தமாகி, வரும் அயனிகள் உள்ளே போக முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. படிந்தது திரும்பாது; பேட்டரியின் கொள்ளளவு குறையும், மோசமானால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். குளிரில் மின்சாரம் எடுப்பதில் தடையில்லை. பெரும்பாலானவை மைனஸ் 20 டிகிரி வரை கொடுக்கும். ஏற்றுவதுதான் ஆகாது.

இது எப்போது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அக்டோபர் இறுதியில் இரவு மைனஸ் நான்கு. காலை ஒன்பது மணிக்குக் காற்று மைனஸிலிருந்து ஏறி மூன்று டிகிரி ஆகிவிட்டது, தெளிந்த வானம், பேனலில் நல்ல வெயில். வெளியே நிற்பவருக்கு உறைகுளிர் போய்விட்டது என்றே தோன்றும். ஆனால் பின்கதவை ஒட்டிய பெட்டிக்குள் இரவெல்லாம் குளிர்ந்த 12 கிலோ பொருள் அவ்வளவு விரைவில் சூடாகாது. அது இன்னும் பூஜ்யத்துக்குக் கீழேயே இருக்கும். கணக்கில் வருவது காற்றின் வெப்பநிலையன்று, கலத்தின் வெப்பநிலை.

இதற்கு மூன்று காவல்கள் உண்டு. முதலாவது, பேட்டரியை வேனுக்கு உள்ளே, ஹீட்டரின் வெப்பம் படும் இடத்தில் வைப்பது. ஆள் தூங்கும் சூட்டில் பேட்டரியும் தூங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டாவது, குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் உள்ள பேட்டரியையே வாங்குவது. விலை மலிந்த சில பேட்டரிகளில் இந்தப் பாதுகாப்பு இருப்பதில்லை. ‘பிஎம்எஸ் உண்டு’ என்ற விளம்பர வரியோடு திருப்தி அடையாமல், எத்தனை டிகிரியில் சார்ஜ் நிற்கும், எத்தனை டிகிரியில் மீண்டும் தொடங்கும் என்ற இரண்டு எண்களையும் விவரத்தாளில் தேடுங்கள். எண் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை என்று கொள்ளுங்கள். மூன்றாவது, உள்ளேயே ஹீட்டர் பொருத்திய பேட்டரி. வரும் மின்சாரத்தில் முதலில் தன்னைச் சூடாக்கிக்கொண்டு பிறகு நிரம்பும். எஞ்சினிலிருந்தோ வீட்டு மின்சாரத்திலிருந்தோ ஏற்றுபவருக்கு இது நன்று. சிறிய பேனலை மட்டும் நம்பியிருப்பவருக்கோ, குளிர்காலத்தின் மெல்லிய வெயில் தருவதையெல்லாம் அந்த ஹீட்டரே தின்றுவிடும்.

ஏஜிஎம்முக்கும் குளிர் இழப்புண்டு. மைனஸ் 18 டிகிரியில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் அந்தக் குளிரிலும் அதை மெதுவாக நிரப்பலாம். நிரம்பிய ஏஜிஎம் டொராண்டோவின் எந்தக் குளிரிலும் உறையாது. காலியானதோ, அமிலம் நீர்த்துப்போயிருப்பதால், சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து பேட்டரியின் கூடு வெடிக்கக்கூடும். சூடேற்ற வழியில்லாத இடத்தில் வண்டியை வைத்துக்கொண்டு, பனிச்சறுக்குக்காக எப்போதாவது ஓரிரவு தங்குபவருக்கு, கம்பி செருக இடமிருந்தால், ஏஜிஎம்தான் கவலையற்ற தேர்வு.

ஐந்தாம் படி: விலையைச் சரியாக வகுங்கள்

லித்தியத்தை ஆதரிப்பவர்கள் 3,000 சுற்று, 4,000 சுற்று என்று சொல்லி, ஏஜிஎம்மின் 500, 600 சுற்றோடு ஒப்பிடுவார்கள். ஒருமுறை காலி செய்து நிரப்புவது ஒரு சுற்று. எண்கள் பொய்யல்ல. ஆனால் ஆண்டுக்கு 20 இரவு மட்டும் வெளியே தங்குபவர் 500 சுற்றை முடிக்க 25 ஆண்டு வேண்டும். அதற்கு வெகுமுன்பே வயதாகி ஏஜிஎம் ஓய்ந்துவிடும். அவருக்கு 3,000 சுற்று என்பது பொருளற்ற எண். வேனிலேயே ஆண்டு முழுதும் வாழ்பவருக்கோ அந்த எண்தான் எல்லாம். எனவே விலையை அச்சிட்ட ஆம்பியர்-மணியால் வகுக்காமல், பயன்படும் ஆம்பியர்-மணியால் வகுங்கள். பிறகு உங்கள் வாழ்க்கையில் அது எத்தனை சுற்று ஓடும் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். இந்த முறையில் வகுத்தால், லித்தியத்தின் விலை சரிந்துள்ள இந்நாளில், இடைவெளி பலர் நினைப்பதைவிடச் சிறியது. ஆனால் அடுத்த படியில் வரும் பொருட்களின் விலையையும் சேர்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆறாம் படி: பேட்டரியோடு மாற வேண்டியவை

பழைய ஏஜிஎம்மைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் லித்தியத்தை மாட்டிவிடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றுவது முதல் சிக்கல். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர்; காலியான லித்தியம் அது கொடுக்கும் அளவையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஏஜிஎம்மைப் போல நடுவில் தானாகத் தணியாது. வண்டி ஓடாமல் எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும்போது குளிர்விக்கும் காற்றும் குறைவு. அந்த நிலையில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகுவதுண்டு. இடையே ஒரு டிசி-டிசி சார்ஜர் போட்டால் மின்னோட்டம் 30 ஆம்பியர் போன்ற ஓர் எல்லைக்குள் நிற்கும், மின்னழுத்தமும் பேட்டரிக்கு ஏற்றபடி சீராகும். எரிபொருள் சேமிப்புக்காக மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர் உள்ள புதிய வேன்களில், ஏஜிஎம் வைத்தாலும் இது தேவைப்படும்.

சார்ஜர்களின் அமைப்பு அடுத்தது. ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7 வோல்ட் வரை நிரப்பி, பிறகு 13.5-ஐ ஒட்டிய அளவில் நிறுத்திவைக்க வேண்டும். குளிருக்கு ஏற்ப மின்னழுத்தத்தை உயர்த்தும் வெப்பத் திருத்தமும் வேண்டும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 போதும், வெப்பத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும், சல்பேட்டைக் கரைக்கவென்று சில சார்ஜர்கள் 15 வோல்ட்டுக்கு மேல் செலுத்தும் முறையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பேட்டரி தயாரிப்பாளர் தாளில் தரும் எண் இவற்றிலிருந்து வேறுபட்டால் அந்த எண்ணையே பின்பற்றுங்கள். சோலார் கட்டுப்பாட்டுக் கருவி, டிசி-டிசி சார்ஜர், வீட்டு மின்சார சார்ஜர் ஆகிய மூன்றிலும் தனித்தனியாக மாற்றியாயிற்றா என்று பாருங்கள். மூன்றாவதை மறப்பவர்கள் பலர்.

பியூஸை அலட்சியம் செய்யாதீர்கள். லித்தியம் குறுக்குச் சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் தள்ளக்கூடியது; சாதாரண பியூஸ் உருகினாலும் உள்ளே மின்பொறி தொடர்ந்து பாயலாம். அதைத் துண்டிக்கும் திறன் கொண்ட ‘கிளாஸ் டி’ (Class T) பியூஸை நேர்முனையிலிருந்து கூடியவரை அருகில் வையுங்கள்.

கடைசியாக ஷன்ட் மீட்டர். ஏஜிஎம்மில் சில மணி நேரம் ஓய்ந்த நிலையில் 12.8 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. வோல்ட் மீட்டரே ஓரளவு வழிகாட்டும். லித்தியத்தில் 70 விழுக்காட்டுக்கும் 30 விழுக்காட்டுக்கும் இடையே 0.2 வோல்ட்தான் வேறுபாடு. எனவே உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷன்ட் இல்லாமல் லித்தியத்தை ஓட்டுவது, எரிபொருள் முள் இல்லாத வண்டியை ஓட்டுவது போன்றது.

ஏழாம் படி: பொருத்துதல்

ஏஜிஎம்மையும் லித்தியத்தையும் இணையாகக் கட்டவே கூடாது. ஒரே வகையில் இரண்டை இணைக்கும்போதும், ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரியாக இருக்கட்டும். இரண்டு லித்தியத்தை இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுதாக நிரப்புங்கள். இல்லையேல் இணைத்த கணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். வேனுக்குப் போகும் நேர்க்கம்பியை முதல் பேட்டரியிலிருந்தும் எதிர்க்கம்பியைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும். ஏஜிஎம் மிகையாக சார்ஜ் ஏறினால் ஹைட்ரஜன் கசியலாம் என்பதால் அதன் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். எந்த வகையானாலும் பட்டையால் தரையோடு இறுகக் கட்டுங்கள். விபத்தில் 30 கிலோ ஈயம் எங்கே பறக்கும் என்று எண்ணிப் பாருங்கள், பின்னிருக்கையில் உட்காரப் போவது உங்கள் பிள்ளைகள்.

நவம்பரில் வேனை மூடும்போது, ஏஜிஎம் என்றால் முழுதாக நிரப்பி, முடிந்தால் பராமரிப்பு சார்ஜரில் விட்டுவையுங்கள். லித்தியம் என்றால் 50, 60 விழுக்காட்டில் நிறுத்தி, சுமைகளோடு சோலார் பேனலையும் துண்டித்துவிடுங்கள். பலர் விளக்குகளையும் குளிர்பெட்டியையும் அணைத்துவிட்டு, கூரையிலுள்ள பேனலை மறந்துவிடுகிறார்கள். ஜனவரியின் தெளிந்த நாளில் அது உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; அப்போது உங்களுக்கும் நட்டத்துக்கும் நடுவே நிற்பது பிஎம்எஸ் ஒன்று மட்டுமே.

முதல் பயணத்துக்கு முன், வீட்டு வாசலிலேயே ஓரிரவு வேனில் தூங்கிப் பாருங்கள். கம்பியைச் செருகாமல், குளிர்பெட்டியில் பால், தயிர், காய்கறி எல்லாம் வைத்து, வழக்கம்போல விளக்கெரித்து, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஷன்ட் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதற்படியில் எழுதிய தாளின் பக்கத்தில் அந்த எண்ணை வைத்து, குளிர்பெட்டி உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று திருத்துங்கள்.